தட்டைக் கோடு அலையான மாலை

வளர்ச்சிக் காரணியான ஈஜிஎஃப் பட்டதும் செல்லுக்குள் எந்தெந்தப் புரதங்களில் பாஸ்பேட் ஏறுகிறது என்று பார்த்த சோதனையில் எனக்குக் கிடைத்தவை 180 பெயர்கள். அவற்றை, புரதங்களுக்கிடையேயான தொடர்புகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஸ்ட்ரிங் தரவுத்தளத்தில் கொடுத்து, வலைப்படம் வரையும் மென்பொருளான சைட்டோஸ்கேப்பில் திறந்தேன். திரை முழுக்கச் சிக்குப் பிடித்த நூல்கண்டு! ஒரு தொடர்பை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் நம்பக மதிப்பெண்ணின் குறைந்தபட்ச அளவை 0.4-லிருந்து 0.7-க்கு ஏற்றியதும் கோடுகள் குறைந்தன. ஆனால் எது எதை முடுக்குகிறது, எது எதை அடக்குகிறது என்று அந்தக் கோடுகள் சொல்லவில்லை. இரண்டு புரதங்களும் ஒரே கட்டுரைகளில் சேர்ந்து பேசப்பட்டாலே ஸ்ட்ரிங்கில் கோடு விழ வாய்ப்புண்டு. இது தெரியாமல் இரண்டு வாரம் நிறம் பூசிக்கொண்டிருந்தேன்.

திசை கிடைத்தது சிக்னார் தரவுத்தளத்தில். என் பட்டியலில் இருந்த புரதங்களில் ராஃப் மெக்கைத் தூண்டும், மெக் ஈஆர்கேவைத் தூண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறியோடு இருந்தது. படம் சின்னதாகி, படிக்கும்படி ஆனது.

அடுத்த கேள்வி, நேரம். பயோமாடல்ஸ் என்ற கணித மாதிரிகளின் களஞ்சியத்தில் போரிஸ் கோலொடென்கோ 2000-இல் வெளியிட்ட மாப் கைனேஸ் மாதிரி இருக்கிறது. கைனேஸ் என்றால் பாஸ்பேட் ஏற்றும் நொதி; ராஃப், மெக், ஈஆர்கே என்ற அதே சங்கிலியின் கணக்குதான் இது. அதன் எஸ்பிஎம்எல் வடிவக் கோப்பை இறக்கி, இத்தகைய மாதிரிகளை ஓட்டிப் பார்க்கும் கோபாசி மென்பொருளில் ஓட்டினேன். நேரத்தோடு புரத அளவுகள் மாறுவதைக் காட்ட வேண்டிய வரைபடத்தில் எல்லாமே தட்டைக் கோடு. கோப்பு கெட்டுவிட்டதோ என்று மறுபடி மறுபடி இறக்கினேன். பிறகுதான் கண்ணில் பட்டது: ஓட்டும் காலம் என்ற கட்டத்தில் கோபாசி தானாகப் போட்டிருந்தது 1. மாதிரியோ நொடிக் கணக்கில் எழுதப்பட்டது; அதாவது ஒரே ஒரு நொடிதான் ஓடியிருக்கிறது. 9000 என்று மாற்றி அழுத்தினேன். கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

கடைசிப் படியில் இருக்கும் கைனேஸ் முதல் படியைத் திரும்பப் போய் அடக்குவதால் வரும் அலை அது. சோதித்துப் பார்க்க, அப்படித் திரும்பப் போய் அடக்கும் பின்னூட்டத்தின் தடை மாறிலியை (இது பெரிதானால் அடக்குவது பலவீனமாகும்) 9-லிருந்து 9000 ஆக்கினேன். அடக்குவது ஏறக்குறைய நின்றுபோக, கோடு ஒரே ஏற்றமாக ஏறி மேலேயே தங்கிவிட்டது. அம்புக்குறிகள் அத்தனையும் அப்படியேதான் இருந்தன. ஓர் எண்தான் மாறியது.

அப்போதுதான் என் சோதனை உறைத்தது. நான் செல்களை எடுத்துப் பார்த்தது ஈஜிஎஃப் பட்ட 10-ஆம் நிமிடத்தில், ஒரே ஒரு முறை. ஏற்றத்தில் பிடித்தேனா இறக்கத்தில் பிடித்தேனா என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. நேற்று 0, 2, 5, 10, 20, 40, 60 நிமிடங்கள் என்று ஏழு குழாய்களுக்கு லேபிள் ஒட்டி வைத்தேன். திங்கட்கிழமை செல்கள் தயாராகிவிடும்.