கட்டைவிரல் அகலம்

மார்ச் 2
பயிற்சி முகாம் மைதானத்தில் ஆறு சுற்று, 2.4 கி.மீ. 11 நிமிடம் 20 விநாடி. ஓட்ட டெஸ்டில் தேற இன்னும் 50 விநாடி குறைய வேண்டும். இடது காலில் கணுக்காலுக்கு மேலே, எலும்பின் உள் ஓரத்தில் வலி. இரண்டாவது சுற்றில் போய்விடுகிறது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 4
மறுபடி ஆறு சுற்று. 11:24. பக்கத்துக் கட்டில்காரன் கேட்டான்: "தினமும் பரீட்சையே எழுதினா எப்படா படிப்பே?"

மார்ச் 5
பிசியோ எலும்போரமாக அழுத்திக்கொண்டே வந்தார். நான்கு விரல் அகலத்துக்கு வலி. ஷின் ஸ்ப்ளின்ட்டாம், அதிகமாக ஓடுவதால் முன்கால் எலும்போரம் வரும் வலி. வலி இப்படிப் பரவி இருக்கும்வரை பரவாயில்லை, ஒரே இடத்தில் குத்தினால் உடனே வரவேண்டும் என்றார். இங்கே வருவதற்கு முன் வாரம் எத்தனை கிலோமீட்டர் ஓடினீங்க? பத்து. இப்போ? முப்பத்தைந்து, அதுவும் பூட்ஸ் நடையைச் சேர்க்காமல். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கு மாதக்கணக்கு ஆகும் என்றார். முகத்தைப் பார்த்தால் இதைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறார் போல.

புது அட்டவணை: திங்கள் 400 மீட்டர் எட்டு தடவை, நடுநடுவே நடை. புதன் நீச்சல் குளம். வெள்ளி சைக்கிள். ஞாயிறு பேசிக்கொண்டே போனாலும் மூச்சு முட்டாத வேகத்தில் ஓட்டம். தினமும் குதிகால் தூக்கல், முட்டியை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை.

மார்ச் 8
நாளை திங்கள், எட்டு தடவை. மழை வந்தால் நன்றாக இருக்கும்.

மார்ச் 11
இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல் தண்ணீருக்குள் ஓட்டம். பார்க்கக் கேவலம். இருபது நிமிடத்தில் நாக்குத் தள்ளிவிட்டது.

மார்ச் 15
மெதுவாக ஓட வேண்டிய நாள். முன்னால் போனவனின் முதுகைப் பார்த்ததும் புத்தி கெட்டுவிட்டது. 10:58! வலியும் சுருங்கிவிட்டது, கட்டைவிரல் அகலம்தான். நான்கிலிருந்து ஒன்று.

மார்ச் 18, இரவு 2 மணி
படுத்திருக்கும்போதும் வலிக்கிறது. ஒரே இடம். சுருங்கியதற்குச் சந்தோஷப்பட்டேனே, முட்டாள்.

மார்ச் 19
பிசியோ ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். இரண்டாவது குதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை. எலும்பில் விழுந்த புது விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாமாம். எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அதுவரை ஓட்டம் கூடாது.

மார்ச் 20
விரிசல் என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம். டெஸ்டுக்கு 23 நாள். மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன், 23தான். வெளியே எல்லோருடைய பூட்ஸ் சத்தமும் ஒரே தாளத்தில் போகிறது. நான் கட்டிலில் உட்கார்ந்து ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 22
எம்ஆர்ஐ முடிந்தது. இயந்திரம் போட்ட சத்தத்தில்கூட சுற்று எண்ணினேன்.

மார்ச் 23
ரிசல்ட் சொல்ல மதியத்துக்குள் கூப்பிடுகிறோம் என்றார்கள். மணி நான்கு. அழுத்திப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன்.