போன தடவை வாந்தி எடுத்தேன், டாக்டர்

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்றதும் நான் கத்திக்குப் பயப்படவில்லை. 5 வருடத்துக்கு முன்பு வேறொரு ஆபரேஷன் முடிந்து, கண் விழித்ததிலிருந்து மறுநாள் காலை வரை வாந்தி எடுத்தவள் நான். தையல் போட்ட வயிற்றோடு குமட்டுவது என்ன வேதனை என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து வாயைத் திறக்கச் சொன்னார், ஆடும் பல் உண்டா என்று பார்த்தார். பழைய கதையைச் சொன்னேன். உடனே, "பஸ்ஸில் போனால் குமட்டுமா? சிகரெட் உண்டா?" என்று கேட்டார். பெண்களுக்கும், பயணத்தில் குமட்டுபவர்களுக்கும், முன்பே இப்படி அவதிப்பட்டவர்களுக்கும், புகை பிடிக்காதவர்களுக்கும்தான் இது அதிகம் வருமாம். நல்ல பழக்கத்துக்கு இப்படியும் ஒரு தண்டனை!

"அப்படின்னா உங்களுக்கு கேஸ் வேண்டாம்மா, நரம்பு வழியாவே கடைசிவரை தூங்க வெச்சிடறேன்" என்றார்.

மயக்க மருந்து என்றால் ஒரே ஊசி என்று அதுவரை நினைத்திருந்தேன். தூங்க வைக்க ஒன்று, வலிக்கு ஒன்று, தசையைத் தளர்த்த ஒன்று என்று தனித்தனியாம். பலருக்கு, தூங்கிய பிறகு செவோஃப்ளுரேன் போன்ற வாயுவை மூச்சோடு கொடுத்துத் தூக்கத்தை நீட்டிப்பார்கள். வாந்தியைக் கிளப்புவதில் அதற்கும் பங்கு உண்டு. அதற்குப் பதில், தூங்க வைக்கும் ஊசி மருந்தான புரோபோஃபாலையே பம்ப்பில் ஏற்றிக்கொண்டிருந்தால் தொல்லை குறையும்.

திட உணவு 6 மணி நேரம் முன்பே நிறுத்தம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்றார்கள்.

தியேட்டரில் தூக்கத்தின் ஆழத்தைப் பார்க்க நெற்றியில் ஒரு பட்டை ஒட்டினார்கள். முதலில் வலிக்கான ஃபென்டனில், தலை லேசாகக் கிறுகிறுத்தது. அடுத்து பால் மாதிரி வெள்ளையாக ஒரு சிரிஞ்ச், அதுதான் புரோபோஃபால். சோயா எண்ணெய் கலந்த மருந்து என்பதால் அந்த நிறம். "கை எரியும்" என்று எச்சரித்திருந்தார். எரிந்தது, முழங்கை வரைக்கும். எண்ண ஆரம்பிக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"கண்ணைத் திறங்கம்மா."

அவ்வளவுதான். நடுவில் கனவுகூட இல்லை. தசையைத் தளர்த்திய ரோகுரோனியம், தொண்டைக்குள் போட்ட குழாய், முடிவில் அந்தத் தளர்வை முறித்த சுகாமாடெக்ஸ் எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, போர்வை போர்த்தினார்கள். தொண்டைக் கரகரப்பு 2 நாள் இருந்தது.

வாந்தி வரவில்லை. சாயங்காலம் ஒரு தடவை குமட்டியது. ஒண்டான்செட்ரான் போட்டதும் அடங்கிவிட்டது.

வீட்டுக்குக் கிளம்பும்போது கொடுத்த மருந்துகளின் பெயரையெல்லாம் எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். முதல் ஆபரேஷனில் என்ன கொடுத்தார்கள் என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது காட்ட என்னிடம் ஒரு சீட்டும் இல்லை. இந்தச் சீட்டு இப்போது என் பர்ஸில் இருக்கிறது.