அன்பு ஈன்ற குழந்தை

கத்தோலிக்கர் இன்று ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று செபிக்கிறார்கள். பழைய செபத்தில் ‘அருள்’ என்ற இடத்தில் ‘பிரியதத்தம்’ என்றிருந்தது. சீர்திருத்த சபைகளில் ‘கிருபை’, சைவருக்குத் ‘திருவருள்’. பெயர் எதுவானாலும் அது கூலி கிடையாது என்பதில் எல்லாரும் ஒன்றுதான். பைபிளில் எபேசியர் 2:8 அதை ‘ஈவு’ என்கிறது. திருவாசகத்தின் சிவபுராணமோ ‘அவன் அருளாலே அவன்தாள் வணங்கி’ என்கிறது. கும்பிடுவதற்கே அவன் அருள் வேண்டுமாம்! நம் பங்கு எவ்வளவு என்பதில்தான் வழக்கு. வைணவத்தின் இரு பிரிவுகளில் வடகலையார் தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள். தென்கலையார் தாய் கவ்விப் போகும் பூனைக்குட்டியை.

மனிதருக்குள் அருள் எப்படி வருகிறது என்பதற்குக் குறள்தான் எனக்குத் தெரிந்த நல்ல கையேடு. அன்புடைமை 8-ஆம் அதிகாரம், இல்லறவியல். அருளுடைமை 25, துறவறவியல். தொடர்புடையவர் மேல் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் பிரிக்கிறார். பலர் மறந்துவிடும் குறள் 757, பொருட்பாலில் இருக்கிறது: ‘அருளென்னும் அன்பீன் குழவி பொருளென்னும் செல்வச் செவிலியால் உண்டு.’ பெற்றவள் அன்பு, வளர்ப்பவள் பணம். கைகாசு இல்லாத இரக்கம் ‘அடப்பாவமே’ என்பதோடு நின்றுவிடும்.

அதனால் சம்பளம் வந்த அன்றே ஐந்நூறோ ஆயிரமோ தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது. மாதக் கடைசியில் யாராவது வந்து நிற்கும்போது வீட்டுக் கணக்கைப் புரட்ட வேண்டியதில்லை. கொடுக்குமுன் கடனா, கொடையா என்று முடிவுசெய்து, வாய்விட்டுச் சொல்லியும் விட வேண்டும். பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். கொடை என்று கொடுத்துவிட்டு மனசுக்குள் கடனாக எழுதி வைப்போம். ஆறு மாதம் கழித்து அவர் வீட்டு விசேஷத்துக்கு நம்மை அழைக்காதபோது, ‘அவனுக்கு எவ்வளவு செஞ்சேன்’ என்று வட்டியோடு வெளியே வரும்.

குணத்துக்கான சோதனை 250-ஆம் குறள்: ‘வலியார்முன் தன்னை நினைக்கதான் தன்னின் மெலியார்மேல் செல்லு மிடத்து.’ உன்னைவிட மெலிந்தவன் மேல் பாயப்போகும்போது, உன்னைவிட வலியவன் முன்னால் நீ நிற்பதை நினைத்துப் பார். ‘செல்லுமிடத்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பாய்ந்து முடித்தபின் வருந்தச் சொல்லவில்லை. காலெடுத்து வைக்கும் அந்த நொடியிலேயே நினைக்கச் சொல்கிறார். காலையில் மேலாளர் அறையில் கைகட்டி, ‘சரி சார், சரி சார்’ என்று நின்றவர், சாயங்காலம் கேட்டைத் திறக்க அரை நிமிடம் தாமதமான வாட்ச்மேனைப் பார்த்து ஹாரனை விடாமல் அழுத்துகிறார். அந்தக் கட்டைவிரல் ஹாரனைத் தொடும் முன்பு, காலையில் கட்டியிருந்த கை நினைவுக்கு வர வேண்டும்.