பத்திக் போர்வைக்கு அடித்துணி தேடியது

ஒட்டுப்போர்வை ஒன்றின் மேல்பக்கம் தைத்து முடித்து இரண்டு மாதம் ஆகிறது. ஐந்து அங்குலச் சதுரங்கள், குறுக்கே பன்னிரண்டு, நீளத்துக்குப் பதினாறு. மொத்தம் 192 பத்திக் துண்டுகள், அதாவது மெழுகால் கோலம் போட்டுச் சாயம் தோய்த்த துணி. கடும் நீலம், மரூன், பாசிப்பச்சை, நடுநடுவே கொஞ்சம் மஞ்சள். துண்டுகளெல்லாம் மச்சாள் கொழும்பிலிருந்து வரும்போது பையில் கொண்டுவந்து சேர்த்தவை. போர்வை 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். மேல்பக்கம், நடுத்துணி, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்தால்தான் போர்வை. பின்பக்கம் வரும் அந்த அடித்துணி மட்டும் மனதுக்குப் பிடித்த மாதிரிக் கிடைக்காததால் அலுமாரியில் மடித்து வைத்திருந்தேன். இது என்னுடைய மூன்றாவது ஒட்டுப்போர்வை. முதல் இரண்டிலும் அடித்துணியில்தான் பிழை விட்டேன், ஆகவே இந்த முறை அவசரப்படவில்லை.

முதலாவது போர்வைக்கு வெள்ளைப் பொப்ளின் போட்டேன். மட்டக்களப்பு வெயிலுக்குக் கனம் வேண்டாம் என்று நடுவில் அம்மாவின் பழைய வொயில் சாறியை இரண்டாக மடித்து வைத்தேன். தைத்து முடித்துத் திருப்பினால், மேல்துணியின் கருநீலத் தையல் ஓரங்கள் வெள்ளையினூடே நிழலாகத் தெரிந்தன. நடுவில் மெல்லிய துணி வைத்தால் அடித்துணி வெளிர்நிறமாக இருக்கக்கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. அது போதாதென்று முதல் கழுவலிலேயே மரூன் சாயம் இறங்கி, வெள்ளையில் இளஞ்சிவப்புத் திட்டுகள் விழுந்தன. மகள் இன்னும் அதைத்தான் போர்த்துகிறாள். எனக்குத்தான் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திட்டுகள் கண்ணில் குத்தும்.

பத்திக்கில் சாயம் இறங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மெழுகு உருகிவிடக் கூடாது என்பதால் துணியைச் சூடில்லாத சாயத்தில்தான் தோய்ப்பார்கள். பிறகு கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள். அப்புறம் நன்றாக அலசாமல் விட்டால் ஒட்டாத சாயம் துணியிலேயே தங்கிவிடும். இப்போது ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டைச் சுடுநீரில் சவர்க்காரத்தூள் போட்டு அரை மணிநேரம் ஊறவைக்கிறேன். கூடவே ஒரு வெள்ளைத் துணித்துண்டையும் போட்டுவிடுவேன். வெள்ளை வெள்ளையாகவே வெளியே வந்தால்தான் அந்த நிறத்தை வெட்டுவேன். உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டையும் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுவதுதான் பலன் தந்தது. இந்த 192 துண்டுகளில் மரூனுக்கு மட்டும் ஆறு அலசல் தேவைப்பட்டது.

இரண்டாவது போர்வைக்கு அடியிலும் பத்திக்கே போட்டேன். பார்க்க மிக அழகு. நல்ல பத்திக்கில் சாயம் இரண்டு பக்கமும் ஊறியிருக்கும், உள்பக்கம் வெளிப்பக்கம் என்று பிரிக்கவே முடியாது. (அச்சடித்த போலியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். கடையில் நான் முதலில் செய்வது அதைத்தான்.) ஆனால் எனக்குக் கையால் தைக்கத்தான் விருப்பம், அங்கேதான் சிக்கல் வந்தது. மெழுகுக்கோடு பரவாமல் கூர்மையாக நிற்க வேண்டுமென்றால் நூல் நெருக்கமாக நெய்த, வழுவழுப்பான துணி வேண்டும். ஜாவாவில் அதற்கென்றே பிரிமிசிமா, பிரிமா என்று தரம் பிரித்த பருத்தித் துணி உண்டு. கோட்டுக்கு நல்லதாக இருக்கும் அதே நெருக்கம் ஊசிக்கு ஆகாது. வழக்கமாக ஒரே இழுப்பில் நாலைந்து தையல் ஊசியில் சேர்த்து எடுப்பேன். அடியிலும் மேலும் பத்திக் என்றதும் இரண்டுக்கு மேல் வரவில்லை. நடுவிரல் தோல் தடித்துப்போனது. பாதியில் விட்டுவிட்டு மெஷினில் முடித்தேன். மெஷினுக்கு 14ஆம் நம்பர் ஊசி போட்டால் துளைகள் அப்படியே நின்றுவிடுகின்றன, பிரித்துத் தைத்தால் பழைய துளை மறையாது. 11ஆம் நம்பர் கூர் ஊசிக்கு மாற்றியதும் சரிவந்தது. மெஷினில் தைப்பவர்களுக்கு அடியில் பத்திக் போடுவதில் குறையே இல்லை என்பது என் எண்ணம். கைத்தையல்காரர்கள் வேறு துணி தேடத்தான் வேண்டும்.

இந்த மூன்றாவதுக்கு மருதமுனைக்குப் போனேன். கல்முனை பஸ் ஏறி, களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு, பெரியநீலாவணை தாண்டினால் மருதமுனை. கைத்தறிக்குப் பேர்போன ஊர். சாரம் (லுங்கி) வாங்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு சாரம் இரண்டு மீற்றர் நீளந்தான், அதாவது 78 அங்குலம். என் போர்வைக்குச் சுற்றிவர நாலு அங்குலம் கூடுதலாக விட்டு 68க்கு 88 வேண்டும். இரண்டு சாரத்தைப் பக்கம் பக்கமாக ஒட்டினாலும் நீளம் போதாது. ஐந்தரை மீற்றர் பருத்திச் சாறியை இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 108 அங்குலம் வரும். சாம்பல் நிறத்தில் மெல்லிய கருநீலக் கோடு ஓடிய ஒரு சாறியை எடுத்தேன். எதற்கு என்று கேட்ட கடைக்கார நானாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கழுவாமத் தைச்சிராதிங்க தங்கச்சி. பாவுல கஞ்சி இரிக்கி. ரெண்டு தரம் ஊறப்போட்டு எடுங்க, அப்பதான் அது துணி."

வீட்டுக்கு வந்து சாறியின் தலைப்பிலிருந்து 50 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று வெட்டினேன். பொப்ளினிலும் பத்திக்கிலும் அதே அளவில் ஒவ்வொன்று. மூன்றையும் ஒன்றாகக் கழுவி, காயவைத்து, அளந்தேன். பத்திக் அரை சென்ரிமீற்றர்கூடக் குறையவில்லை. அது ஏற்கனவே கொதிநீர் கண்ட துணி. பொப்ளின் 49க்கு வந்தது. கைத்தறி நீளப்பக்கம் 47½, அகலப்பக்கம் 48½. கழுவாமல் தைத்திருந்தால் முதல் கழுவலில் அடித்துணி சுருங்கி, மேலே பத்திக் முழுக்கச் சுருக்கம் விழுந்திருக்கும். சிலருக்கு அந்தச் சுருக்கம் பிடிக்கும். எனக்குப் பத்திக்கின் பூவும் கொடியும் தட்டையாகத் தெரிய வேண்டும்.

சாறியை இரண்டு தரம் ஊறவைத்துக் காயப்போட்டேன். நானா சொன்னது உண்மைதான், கடையில் விறைப்பாக நின்ற துணி துவண்டு கையில் விழுந்தது. இரு கரைகளையும் வெட்டி எடுத்தேன். கரை நெருக்கமாக நெய்திருப்பதால் உடலோடு சேர்ந்து சுருங்காது, தையலில் விட்டால் அந்த இடம் இழுத்துப் பிடிக்கும். அப்புறம் மூட்டு எங்கே வருவது என்று யோசித்தேன். சரிநடுவில் மூட்டு வந்தால், போர்வையை ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் மடிப்பு அதிலேயே விழுந்து தேயும். ஆகவே ஒரு பாகத்தை முழுசாக நடுவில் வைத்து, மற்றதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் சேர்த்தேன். கைத்தறி ஓரம் சீக்கிரம் பிரியும். அரை அங்குலம் விட்டுத் தைத்து, ஓரத்துக்குச் சிக்சாக் ஓடவிட்டு, மூட்டை விரித்து அயர்ன் பண்ணினேன்.

நடுத்துணிக்குப் பொலியெஸ்டர் பஞ்சு விரிப்பு வாங்கி வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன். நெய்தல் இளக்கமான துணியினூடே அந்தப் பஞ்சின் மயிர் வெளியே வந்துவிடும். அதற்குப் பதிலாகப் பலமுறை கழுவிய பழைய பருத்திப் படுக்கைவிரிப்பு ஒன்றைப் போட்டேன். அடுத்த வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, "இந்த வெக்கைக்கு இது எதுக்கு மனே?" என்றார். மார்கழி, தை மழையில் விடியப்புறம் இதைத் தேடுவார்கள் மாமி என்றேன்.

விறாந்தைச் சீமெந்துத் தரையில் அடித்துணியை விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டினேன். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பின்வாங்கிச் சுருக்கம் விழும். கோடு போட்ட துணியை எடுத்ததில் ஒரு சிரமம் இருந்தது. மேல்துணி கால் அங்குலம் சரிந்தாலும் பின்பக்கக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். நூல் கட்டி நடுக்கோடு பிடித்து வைக்கவே ஒரு பின்னேரம் போனது. பிறகு ஊக்குகள் குத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வரி நூலோட்டினேன்.

இப்போது பதினாறு வரிசையில் ஒன்பது தைத்து முடிந்திருக்கிறது. மேலே பத்திக்கைத் துளைக்கும்போது மட்டும் ஊசிக்குக் கொஞ்சம் அழுத்தம் தேவை, கைத்தறிக்குள் அது தானாக இறங்குகிறது. ஒரே இழுப்பில் நாலு தையல் வருகிறது. சாம்பல் துணியில் என் நீல நூல் சின்னச் சின்னப் புள்ளியாக ஓடுவதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மேல்பக்கத்து ஓரங்களின் நிழல் எங்கும் தெரியவில்லை.

மிச்சம் ஏழு வரிசை. சுற்றுக்கரைக்கு மீதமுள்ள கருநீலப் பத்திக்கையே வெட்டி வைத்திருக்கிறேன். ஓரந்தான் முதலில் தேயும், அங்கே நெருக்கமான துணி இருப்பது நல்லது. கச்சான் காற்று அடிக்கும்போது முதல் கழுவலைப் போட வேண்டும். அந்தக் காற்றில் இந்தக் கனம் ஒரே பகலில் காய்ந்துவிடும். கழுவிய பிறகு நீள அகலத்தை மறுபடி அளந்து, இங்கே எழுதுகிறேன்.