சோயாவும் சாப்பிடுகிறேன், மாத்திரையும் போடுகிறேன்

கோத்தகிரியில் எங்கள் தெருவில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் கூடினால் பேச்சு முட்டிவலி, இடுப்புவலி என்றுதான் போகும். எலும்பு தேய்வது வலியில்லாமலே நடக்கும் என்பது என் அக்கா விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மழை ஈரத்தில் வாசற்படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட டாக்டர், "கூடப் பிறந்தவங்களும் எலும்பு அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பாருங்க" என்றார்.

கோயம்புத்தூருக்கு இறங்கி எடுத்தேன். ஊசி கிடையாது, பயப்பட ஒன்றுமில்லை. புடவையில் குத்திய ஊக்கு, கொக்கி எல்லாம் கழற்றச் சொன்னார்கள். மல்லாந்து படுத்ததும் கெண்டைக்காலுக்கு அடியில் சதுரமான ஸ்பாஞ்ச் கட்டை ஒன்றை வைத்து காலைத் தூக்கிவிட்டார்கள். முதுகெலும்பு மேசையோடு படிய வேண்டுமாம். அப்புறம் இடுப்புக்காகப் பாதத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

முதுகெலும்பில் டி-ஸ்கோர், அதாவது இளவயது எலும்பின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸ் 2.6. மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்புத் தேய்மான நோய், என்று கணக்கு. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி-யும் குறைவு. ஸ்வெட்டரும் பனிமூட்டமுமாக வாழ்கிற நமக்கு வெயில் எங்கே படுகிறது?

இதற்குள் சித்தி மகள் சோயா காப்ஸ்யூல் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "தாவர ஈஸ்ட்ரோஜன்க்கா, சைடு எஃபெக்ட் இல்ல." அக்கறையில் கொடுத்தது, வாங்கிக்கொண்டேன். ஆனால் பிரிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை எலும்பை அரிக்கும் செல்களுக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. மாதவிடாய் நின்றதும் அது போய், முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரைகிறது. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன் உருவத்தில் ஈஸ்ட்ரோஜனை ஒத்தது, செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் போய் ஒட்டவும் செய்யும். ஆனால் வலு மிகக் குறைவு. அதில் ஒரு பகுதியை, இன்னும் கொஞ்சம் வலுவான ஈக்வால் என்ற பொருளாக மாற்றும் பாக்டீரியா எல்லார் குடலிலும் இருப்பதில்லை. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்று 5 வருடத்துக்குள் இருந்த 248 பெண்களில் ஒரு பாதிக்கு தினமும் 200 மில்லிகிராம் சோயா ஐசோஃபிளேவோன் கொடுத்து 2 வருடம் பார்த்தார்கள். எலும்பு இழப்பு நிற்கவில்லை. மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் உடம்பில் திடீர்ச் சூடு பரவுவதும் மலச்சிக்கலும் அதிகம். வேறு சில ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்ததாம். ஆனால் என் ஸ்கோருக்கு அதை நம்பி உட்கார முடியாது என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது.

முதலில் வாரம் ஒன்றாக 60,000 யூனிட் வைட்டமின் டி. அது தேறியதும் எலும்பு கரைவதைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட், வாரம் ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபி கூடாது. குளிரில் எழுந்ததும் காபி இல்லாமல் இருப்பது கஷ்டம்தான். அந்த நேரத்தில் வாசலில் நடக்கிறேன். தொடங்கும் முன் பல்லையும் காட்டிவிடுங்கள், பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே முடித்துக்கொள்ளலாம்.

சோயாவை விடவில்லை. மீல் மேக்கர் குழம்பு, கேழ்வரகுக் களி, எள்ளுப்பொடி எல்லாம் உண்டு. அதெல்லாம் புரதத்துக்கும் கால்சியத்துக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் சோயாவை மாத்திரையோடு ஒட்டிச் சாப்பிடாதீர்கள், மருந்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். எவ்வளவு இடைவெளி என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.