கையை விட்டால் மூட வேண்டும்

ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது என்று பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒருவிதத்தில் நிம்மதிதான். கேபிள் அறுந்தால் கார்ப்ரேட்டர் ஸ்பிரிங், காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடைக் கீழே தள்ளிவிடும், இன்ஜின் ஸ்லோவுக்கு, அதாவது கை கொடுக்காதபோது ஓடும் குறைந்த வேகத்துக்கு, வந்துவிடும். வண்டி ஓரமாக நிற்கும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. எனக்குப் பயம் அறுபடாமல் இழுத்துக்கொண்டிருக்கும் கேபிளைப் பார்த்துத்தான். உள்ளிருக்கும் கம்பியில் நாலைந்து இழை பிரிந்து உறையின் வாயில் குத்தி நிற்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் திறக்கும், விட்டால் மூடாது. வளைவுக்கு முன்னால் அப்படி ஆகிவிட்டால் கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைக்கவேண்டும் என்று எத்தனை பேருக்கு அந்த நொடியில் தோன்றும்?

இரட்டைக் கேபிள் வண்டிகளில் திறக்க ஒன்று, இழுத்து மூட ஒன்று என்று இருக்கும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒரே கேபிள்தான், மூடும் வேலை முழுவதும் அந்தச் சின்ன ஸ்பிரிங்கின் தலையில். அதனால் கேபிள் மாற்றும் வேலையை நான் திறப்பதற்கான வேலையாக நினைப்பதில்லை, மூடுவதற்கான வேலையாகவே நினைக்கிறேன்.

'ஆக்சிலேட்டர் டைட்டா இருக்கு' என்று வண்டி வந்தால் நேராகக் கேபிளைக் கழற்றக்கூடாது. முதலில் கைப்பிடியிலிருந்து கேபிளைப் பிரித்துவிட்டு வெறும் கிரிப்பைச் சுற்றிப் பார்ப்பேன். ஹேண்டில்பாரில் துரு ஏறியிருக்கும், அல்லது ரப்பரின் முனை பாரின் கடைசியில் உரசிக்கொண்டிருக்கும். அடுத்து கார்ப்ரேட்டர் பக்கம். பழைய பெட்ரோல் காய்ந்து பிசின்போல ஒட்டினாலோ, ஸ்லைடு தேய்ந்து சாய்ந்து ஏறினாலோ அங்கே சிக்கும். இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தால்தான் குற்றம் கேபிளுடையது.

கம்பி பெரும்பாலும் கைப்பிடிக்குள் நிப்பிளை, அதாவது அதன் முனையிலிருக்கும் சின்ன உலோகக் குமிழை, ஒட்டித்தான் பிரியும். நிப்பிள் தன் குழியில் சுழல வேண்டும். காய்ந்து இறுகி அது சுழலாமல் நின்றுவிட்டால், ஒவ்வொரு திருகலுக்கும் கம்பி அதே இடத்தில் மடங்கி நிமிர்கிறது, இழைகள் ஒவ்வொன்றாக விடுகின்றன. புதுக் கேபிள் போட்டுவிட்டு அந்தக் குழிக்குக் கொஞ்சம் கிரீஸ் வைக்காதவர்களிடம் எனக்குக் கோபமே வரும். அரை நிமிட வேலை. கேபிளின் ஆயுள் அதில் இருக்கிறது.

புதியதைப் பழையதோடு சேர்த்துப் பிடித்து, உறையின் நீளம், வெளியே தெரியும் கம்பியின் நீளம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஹேண்டில்பாரை யாரோ எப்போதோ மாற்றியிருக்கும் வண்டிகளில் 'கம்பெனி அளவு' என்று வாங்கிய கேபிள் குட்டையாகிவிடும். பழையதை உருவுவதற்கு முன் அதன் கீழ்முனையில் நூல் ஒன்றைக் கட்டிவிட்டால், உருவும்போது கேபிள் போன பாதையிலேயே நூல் படுத்துக்கொள்ளும். புதியது எங்கே நுழைந்து எங்கே வளைய வேண்டும் என்பதை அதுவே சொல்லும்.

இந்தப் பாதைதான் இந்த வேலையில் முக்கியம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எர்னஸ்ட் பவுடன் 1896-இல் காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான் இன்றும்: உள்ளே கம்பி இழுபடுகிறது, வெளியே உறை அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. உறை ஓரிடத்தில் நகர்ந்தாலோ அழுந்தி வளைந்தாலோ கம்பியை இழுத்ததற்குச் சமம். கைப்பிடியைத் தொடாமலே ஆக்சிலேட்டர் திறக்கும்.

ஒரு பெரியவர் வந்து, "தம்பி, கேபிள் புதுசுதான். வண்டியைத் திருப்புனா தானா சத்தம் ஏறுது" என்றார். டேங்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. கையை விட்டால் டப்பென்று மூடியது. டேங்கை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்ததும் ஸ்லோ மெல்ல ஏறியது. கேபிள் ஃப்ரேமுக்கு உட்புறமாகப் போகாமல் மேலே ஏறிப் படுத்திருந்தது, டேங்கின் அடிப்பாகம் அதை அழுத்தியது. பொருளில் குறையில்லை, பாதையில்தான் குறை. உட்புறமாகப் படுக்கவைத்ததும் அந்தச் சத்தம் போய்விட்டது. அதற்கப்புறம் டேங்க் ஏறாமல் கேபிள் வேலை முடிந்தது என்று சொல்ல பட்டறையில் யாரையும் விட்டதில்லை.

கார்ப்ரேட்டரின் மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் துடைத்துவிட வேண்டும். ஒரு மணல்துகள் ஸ்லைடோடு உள்ளே போனால் கேபிள் மாற்றியதன் பயனே போய்விடும். ஸ்பிரிங்கை விரலால் மேலே அமுக்கிப் பிடித்துக்கொண்டால் நிப்பிள் அதன் பள்ளத்திலிருந்து தளர்ந்து வரும். ஸ்லைடில் தொங்கும் நீடிலில் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி) கிளிப் எந்தக் காடியில் இருந்ததோ அங்கேயே இருக்கட்டும். திரும்பப் போடும்போது ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், அதன் பக்கவாட்டுக் காடி கார்ப்ரேட்டருக்கு உள்ளேயிருக்கும் சின்ன முளையில் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் ஸ்லைடு முழுக்க இறங்காது. கிக் அடித்த மறுகணம் இன்ஜின் அலறும். இறங்க மறுக்கும் ஸ்லைடை அழுத்தி இறக்குவதைப் போன்ற தப்பு வேறில்லை.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. உள்ளே வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் வைத்த கேபிளுக்குக் கெட்டி கிரீஸ் கூடாது, தூசியைச் சேர்த்துக் கம்பியை இழுவையாக்கும். வெறும் இரும்புச் சுருள் உறை என்றால் லேசான எண்ணெய் மேல்முனையில் விட்டுக் கீழ்முனையில் வரும்வரை காத்திருக்கலாம்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜினுக்கு ஆயில் ஊட்டும் ஆயில் பம்ப் இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். கேபிள் நடுவில் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்ப்ரேட்டருக்கும் மற்றொன்று பம்புக்கும் போகும். புதியதை மாட்டிய பின் பம்பின் குறி, அந்த வண்டிக்குச் சொல்லியிருக்கும் ஆக்சிலேட்டர் நிலையில், நேருக்கு நேர் வருகிறதா என்று பார்க்காமல் விட்டால் ஆயில் குறையும், பிஸ்டன் ஜாம் ஆகும். கேபிளோடு வந்த பிரச்சினை இன்ஜின் வேலையாக முடிந்த வண்டிகளைப் பிரித்திருக்கிறேன். அந்த பிஸ்டனைக் கையில் எடுக்கும்போது மனசு வலிக்கும்.

கடைசியாக விளையாட்டு, அதாவது கைப்பிடியின் தளர்வு. பெரும்பாலான பழைய வண்டிகளுக்குக் கிரிப்பின் விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீட்டர் சுற்றிய பிறகுதான் ஸ்லைடு அசைய ஆரம்பிக்க வேண்டும். தொட்டதும் வண்டி துள்ளவேண்டும் என்று சிலர் அதை முழுக்க எடுத்துவிடச் சொல்வார்கள். நான் செய்வதில்லை. ஹேண்டில் திரும்பும்போது கேபிள் நீண்டு சுருங்க அந்த இடம் வேண்டும். லாக் நட்டை இறுக்கி, இன்ஜின் ஸ்லோவில் ஓட ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புவேன். சத்தம் இம்மியும் ஏறக்கூடாது. பிறகு இன்ஜினை அணைத்து, பாதி திருகி, முழுக்கத் திருகி, ஹேண்டிலின் எல்லாக் கோணத்திலும் விட்டுப் பார்ப்பேன். தானே திரும்பி வரவேண்டும். கைகொடுத்து மூடினால் அந்த வண்டி வெளியே போகாது.

அறுந்த கம்பிக்குத் திருகு நிப்பிள் போட்டு ஒப்பேற்றுவதைக் கிளட்சுக்கு, அதுவும் வீடு போய்ச் சேரும்வரை, ஒத்துக்கொள்வேன். ஆக்சிலேட்டருக்கு ஒருபோதும் போடமாட்டேன். நிப்பிளுக்கு வெளியே நீட்டும் இழைகள் எங்கே சிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நெடுந்தூரம் போகிறவர்கள் கேட்டால், புதுக் கேபிள் ஒன்றை ஓடும் கேபிளின் பக்கத்திலேயே அதே பாதையில் படுக்கவைத்து, இரு முனையையும் டேப் சுற்றி மூடிக்கொடுக்கிறேன். வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்றாமலே முனைகளை மட்டும் மாற்றி மாட்டிக்கொள்ளலாம்.