"மீதியில் கால் பங்கு" என்றால் எதில் கால்?

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 25 கேள்விகள் கணக்கும் அறிவுக்கூர்மையும். நான்கு கணக்கு தவறினால் ஆறு மதிப்பெண் போச்சு. அந்த ஆறு மதிப்பெண்ணுக்குள் எத்தனையோ பேர் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் புத்தகத்தை எடுத்த எனக்கு, மாதிரித் தேர்வுகளில் விடாமல் தவறியது ஒரே வகைதான்: "மீதியில் இத்தனை பங்கு" என்று வரும் கணக்கு.

என்னைத் திணறடித்த கணக்கு இது. ஒருவர் சம்பளத்தில் 1/3 பங்கை வாடகைக்கும், மீதியில் 1/4 பங்கை மளிகைக்கும், அதன்பின் உள்ள மீதியில் 1/5 பங்கை மருந்துக்கும் செலவிடுகிறார். கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு?

நான் மூன்று பின்னத்தையும் கூட்டினேன். 47/60. மிச்சம் 13/60. அப்படிப் போட்டால் சம்பளம் 55,384 ரூபாய் சொச்சம் வருகிறது. கொடுத்திருந்த விடைகளில் அது இல்லை. கூட்டலில்தான் பிழை என்று நினைத்து மீச்சிறு பொது மடங்கை மூன்று தடவை சரிபார்த்தேன். 60 சரிதான். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அப்பா ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கால்னு போட்டிருக்கியேம்மா, எதுல கால்?" என்றார்.

"சம்பளத்துலப்பா."

"வாடகை கொடுத்த காசு இன்னும் அவன் கையிலயா இருக்கு?"

எழுந்துபோய்த் தினசரி காலண்டரிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்து வந்தார். மூன்றாக மடித்து ஒரு பங்கைக் கிழித்து ஓரமாக வைத்தார். கையில் இருந்ததை மட்டும் நான்காக மடிக்கச் சொன்னார். ஒன்றைக் கிழித்தேன். மிஞ்சிய தாளை இன்னொரு முழுத்தாள் மேல் வைத்துக் காட்டினார். சரிபாதி! 2/3-இல் 3/4 என்றால் 1/2. இதைப் பள்ளியில் எத்தனை முறை பெருக்கியிருப்பேன். தாளாகப் பார்த்தது அன்றுதான். அந்தப் பாதியை ஐந்தாக மடித்து ஒன்றை எடுத்தால் நின்றது மொத்தத்தில் 2/5. அதுதான் 12,000. அப்படியானால் 1/5 என்பது 6,000, சம்பளம் 30,000.

அன்றிலிருந்து செலவான பங்கை எழுதுவதை விட்டேன். நின்ற பங்கைத்தான் எழுதுகிறேன்: 2/3 × 3/4 × 4/5. அடித்துப் பார்த்தால் ஒரே வரியில் 2/5. x வைத்துச் சமன்பாடு போட்டாலும் விடை வரும், ஆனால் தேர்வில் அவ்வளவு நேரம் கிடையாது. சதவீதத்துக்கும் இதேதான்: 20 சதவீதம் போய், மீதியில் 10 சதவீதம் போனால், போனது 30 அல்ல, 28.

ஆனால் இந்தப் பெருக்கலை எல்லா இடத்திலும் போட்டுவிடக் கூடாது. அடுத்த வாரமே மாட்டிக்கொண்டேன். தோப்பில் பாதியை விற்றார், "தோப்பில்" 1/5 பங்கைத் தானம் கொடுத்தார், மீதியில் 2/3 பங்கை மகளுக்குக் கொடுத்தார் என்று ஒரு கணக்கு. இங்கே முதல் இரண்டையும் கூட்டத்தான் வேண்டும். 7/10 போய் 3/10 நிற்கும். அதில் மூன்றில் ஒன்றுதான் அவருக்கு: 1/10. இப்போதெல்லாம் ஒவ்வொரு பின்னத்துக்கும் கீழே பென்சிலில் "எதில்?" என்று எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொடுவேன்.

இன்னொன்று, எலுமிச்சைக் கணக்கு. கூடையில் பாதியும் இன்னொன்றும் முதல் ஆளுக்கு, மீதியில் பாதியும் இன்னொன்றும் இரண்டாம் ஆளுக்கு, மூன்றாம் ஆளுக்கும் அப்படியே. கடைசியில் 3 பழம். கூடையில் முதலில் எத்தனை? "இன்னொன்று" இருப்பதால் வெறும் பெருக்கல் உதவாது, பின்னாலிருந்துதான் வர வேண்டும். 3-உடன் அந்த ஒன்றைச் சேர்த்து இரட்டித்தால் 8. மறுபடி 18. மறுபடி 38. முதலில் இரட்டித்துவிட்டுப் பிறகு ஒன்றைச் சேர்த்தால் எல்லாம் கெடும். கடைசியாகக் கொடுத்ததைத்தான் முதலில் திரும்ப வாங்க வேண்டும்.

இந்த வகைக் கணக்கு பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலிலேயே இருக்கிறது என்று தெரிந்தபோது அப்படி ஒரு சந்தோஷம். யாத்திரை போகிறவர் பிரயாகையில் பாதிப் பணம், மீதியில் 2/9 காசியில், அதன் மீதியில் கால் பங்கு வழிச்சுங்கம், அதன் மீதியில் 6/10 கயையில் கொடுக்கிறார். 63 நிஷ்கத்தோடு (அந்தக் காலத்து நாணயம்) வீடு திரும்புகிறார். கொண்டுபோனது எவ்வளவு?

நான் 1/2 × 7/9 × 3/4 × 4/10 என்று எழுதி 7/60-க்கு வந்தேன். 540. அப்பா பேப்பரே எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு 63-லிருந்து பின்னால் போனார். நடுவில், "நூத்தம்பத்தேழரை" என்று முணுமுணுத்தார். பிறகு 210, 270. "ஐந்நூத்தி நாப்பதாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பிரயாகையிலிருந்து கயை வரை ஒருமுறை செலவு செய்து சரிபார்க்க ஆரம்பித்திருந்தார்.